பரங்கிப்பேட்டை: வந்தவர்களும் தங்கியவர்களும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நடுவில் சாணத்தைப் பிடித்து வைத்து, அதன் தலையில் மஞ்சள் பரங்கிப் பூவைச் செருகுகிறோம். சில ஊர்களில் பூசணிப் பூ என்பார்கள். இதைவிட நமக்கே சொந்தமான வழக்கம் வேறு ஏது என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் பூவின் பெயரைச் சற்றே நின்று கவனியுங்கள். பரங்கி என்றால் ஐரோப்பியன். பிராங்கு என்ற ஜாதியாரின் பெயரை அராபியர் எல்லா ஐரோப்பியருக்கும் பொதுவாக்க, அது கடல் கடந்து வந்து நம் வாயில் பரங்கி ஆயிற்று. பரங்கிக் கொடியின் பூர்வீகமோ அமெரிக்கக் கண்டம். அங்கிருந்து ஐரோப்பியர் கப்பலேறி வந்த கொடி நம் வீட்டுக் கூரையில் படர்ந்து, நம் கோலத்தில் பூத்து, நம் கூட்டிலும் குழம்பிலும் வெந்து, நம்முடையதாகவே ஆகிவிட்டது. கொண்டுவந்த மனிதர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கொடி தங்கிவிட்டது!

இதே கதையைச் சொல்லும் ஓர் ஊர் கடலூர் ஜில்லாவில் இருக்கிறது. பெயரிலேயே பரங்கியைச் சுமந்துகொண்டு நிற்கும் அந்தப் பரங்கிப்பேட்டைக்குத்தான் இந்த வாரம் உங்களை அழைத்துப் போகிறேன்.

ஆறும் கடலும்

கடலூரிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். சிதம்பரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 15 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து மாயவரம் போகும் ரயில் பாதையில் ஸ்டேஷனும் உண்டு. நடராஜர் தரிசனத்துக்குப் போகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இந்த ஸ்டேஷனை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடுவார்கள்.

ஊரைப் பெற்றெடுத்தவள் வெள்ளாறு என்றே சொல்லலாம். சேலம் ஜில்லாப் பக்கத்து மலைகளில் பிறக்கும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் ஒன்றுகூடி வெள்ளாறு என்று பெயர் பெறுகின்றன. வழியில் மணிமுத்தாறும் சேர்ந்துகொள்ள, சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று பல ஊர்களைத் தொட்டுக்கொண்டு, கடைசியில் பரங்கிப்பேட்டைக்கு அருகே வங்கக் கடலில் கலக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அந்த முகத்துவாரத்தில் தோணிகள் காற்றுக்கும் அலைக்கும் பயப்படாமல் நிற்கலாம். பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்க, சரக்குகளைத் தோணியில் ஏற்றி இறக்கலாம். உள்நாட்டு நெல்லும் துணியும் கடற்கரைக்கு வர, மேற்கே நல்ல வழி இருக்கிறது. கரையோரம் உப்பளம் போட இடம் இருக்கிறது. ஒரு துறைமுகத்துக்கு வேறு என்ன வேண்டும்?

தெற்கே போகப் போக நிலம் எது, நீர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். வெள்ளாற்றின் வாய்க்கும் கொள்ளிடத்தின் வாய்க்கும் நடுவே, கிள்ளைக்குப் பக்கத்தில், பிச்சாவரத்து உப்பங்கழிக் காடு. சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பு. சினிமாவில் படகுக் காட்சி வந்த இடம் என்று உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். அதைப் பற்றிய ஒரு விசேஷத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஓர் ஊர், பல பெயர்

பிள்ளைக்குத் தாத்தா ஒரு பெயரும் பாட்டி ஒரு பெயரும் வைப்பது போல, இந்த ஊருக்கு வந்தவர்களெல்லாம் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். முத்துக்கிருஷ்ணபுரி என்பது பழைய பெயர்களில் ஒன்று. முஸ்லிம் வணிகர்களும் நவாபின் ஆட்களும் மஹ்மூத் பந்தர் என்றார்கள். பந்தர் என்றால் துறைமுகம். போர்த்துகீசியர் போர்ட்டோ நோவோ என்றார்கள். அவர்கள் பாஷையில் அதற்குப் புதுத் துறைமுகம் என்று அர்த்தம். ஆப்பிரிக்காவில் பெனின் என்ற தேசத்தின் தலைநகருக்கும் இதே பெயர்தான். உலகத்தின் எந்த மூலையில் இறங்கினாலும் போர்த்துகீசிய மாலுமிக்கு அது புதுத் துறைமுகம்தானே! இத்தனை பெயர்களில் நம் ஜனங்கள் வைத்த பரங்கிப்பேட்டைதான் நிலைத்தது.

முதன்முதலில் இங்கே பட்டணம் கட்ட நினைத்தவர் பரங்கி அல்ல. 1597-ம் வருஷம் பிமென்டா என்ற ஏசுசபைப் பாதிரியார் செஞ்சிக்கும் சிதம்பரத்துக்கும் பிரயாணம் செய்தார். அப்போது செஞ்சியை ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். வெள்ளாற்றின் வாயில் தம் பெயரால் கிருஷ்ணப்பட்டணம் என்ற புது நகரை நாயக்கர் எழுப்பி வருவதாகவும், அங்கே மாதா கோயில் கட்டப் பாதிரிமாருக்கு அனுமதி கொடுத்ததாகவும் பிமென்டா எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பட்டணம் இன்றைய பரங்கிப்பேட்டைதான் என்பது சரித்திரக்காரர்கள் கருத்து. வியாபாரம் பெருகினால் சுங்கம் பெருகும். சுங்கம் பெருகினால் கஜானா நிறையும். மதம் எதுவானாலும் வருகிறவர் வரட்டும் என்று நாயக்கர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

வந்தவர்கள்

போர்த்துகீசியருக்குப் பின் டச்சுக்காரர் வந்தார்கள். டேனிஷ்காரர் வந்தார்கள். 1680-களில் இங்கிலீஷ் கும்பினியார் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு பண்டகசாலை கட்டினார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றே: இந்தப் பக்கத்து நெசவாளர் நெய்த துணி. அந்தக் காலத்தில் இந்த ஊர்ப் பெயரால் ஒரு பொன் நாணயமே வழங்கியது. போர்ட்டோ நோவோ வராகன் என்று கும்பினிக் கணக்கு நோட்டுகளில் அது இடம் பிடித்திருக்கிறது.

ஸ்வீடன் தேசத்தாரின் கதைதான் பரிதாபம். 1733-ம் வருஷம் 'உல்ரிகா எலியனோரா ராணி' என்ற கப்பலில் அவர்கள் இங்கே வந்து இறங்கி, பண்டகசாலை ஒன்றைத் தொடங்கினார்கள். அப்போது தெற்கே வியாபாரத்தில் இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் கீரியும் பாம்புமாக இருந்தவர்கள். ஆனால் மூன்றாவதாக ஒருவன் பந்தியில் உட்காரப் பார்த்ததும் இருவரும் ஒன்றாகிவிட்டார்கள்! தேவனாம்பட்டணத்திலிருந்து ஒரு படை, புதுச்சேரியிலிருந்து ஒரு படை. ஸ்வீடன்காரரின் பண்டகசாலை சில வாரத்துக்குள் பறிபோயிற்று.

தேவனாம்பட்டணம் என்றதும் கடலூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும் ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1690-ல் கும்பினியார் அங்கிருந்த கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலைக்குப் பெயர் தந்தவர் இவரே. கோட்டையோடு எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம்வரை என்பது ஒப்பந்தம். கும்பினியார் நல்ல பீரங்கியாகத்தான் தேடி எடுத்திருப்பார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. கடலூருக்கு அருகில் உள்ள குண்டு உப்பலவாடியின் பெயருக்கும் இதையே காரணம் சொல்வார்கள். அந்தக் கிராமங்களில் அடுப்பு மூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருந்த பெண்களிடம், இன்றிலிருந்து உங்களுக்கு எஜமான் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. குண்டு கேட்டுவிட்டு வந்ததோடு சரி.

வியாபாரத்தின் பின்னாலேயே யுத்தமும் வந்தது. 1780-ல் ஹைதர் அலியின் படை ஒன்று பரங்கிப்பேட்டைக்குள் புகுந்து ஊரைக் கொள்ளையிட்டது. மறு வருஷம் ஜூன் மாதம் இங்கிலீஷ் தளபதி ஐர் கூட், ஹைதரின் ஆட்கள் காவல் இருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கினார். ஆம், அன்று கோயிலே கோட்டையாக இருந்தது. தாக்குதல் பலிக்காமல் அவர் பரங்கிப்பேட்டைக்குப் பின்வாங்கினார். ஜூலை 1-ந் தேதி ஊருக்கு அருகே பெரும் போர். சுமார் எட்டாயிரம் பேரைக் கொண்ட கூட்டின் சேனை, பல மடங்கு பெரிதான ஹைதரின் சேனையை முறியடித்தது. பள்ளிக்கூடச் சரித்திரத்தில் இந்த ஒரு வரியைத்தான் மனப்பாடம் செய்தோம். இரண்டு சேனைகள் மிதித்துவிட்டுப் போன வயலில் அந்த வருஷம் யார் நாற்று நட்டார்கள் என்று பரீட்சையில் கேட்பதில்லை.

இரும்பு மனிதர்

ஆயுதம் ஓய்ந்த பிறகு தொழில் வந்தது. ஜோஸையா மார்ஷல் ஹீத் என்ற துரை, சென்னை ராஜதானியில் கும்பினி உத்தியோகஸ்தராக இருந்தவர். சேலத்து இரும்புத் தாதுவின் உயர்வைக் கண்டு, உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். டாடா ஜாம்ஷெட்பூரில் உலை மூட்டுவதற்கு எண்பது வருஷம் முன்னால்! சேலத்துத் தாது இங்கே வந்தது. காட்டு மரங்கள் கரியாகி உலைக்குள் போயின. உருகிய இரும்பு கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. வேல்ஸ் நாட்டில் 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலத்தில் நம் பரங்கிப்பேட்டை இரும்பு இருக்கிறது என்று சொல்வதுண்டு.

ஆனால் உலையின் பசிக்கு ஈடு கொடுக்கக் காடுகளால் முடியவில்லை. கரி அருகே கிடைக்காமல் தூரத்திலிருந்து வர வேண்டியதாயிற்று, கூலி ஏறிற்று, நஷ்டம் பெருகிற்று. கம்பெனி கைமாறிக் கைமாறி, 1860-களில் உலை அணைந்தது. ஹீத் துரையோ அதற்கு முன்பே சீமைக்குத் திரும்பி, எஃகு செய்வதில் மாங்கனீஸைச் சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெபீல்டு முதலாளிகள் அந்த முறையால் செழித்தார்கள். ஹீத்துக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கவில்லை. கோர்ட்டு வழக்கிலேயே அவர் காலம் கழிந்தது.

தங்கியவர்கள்

சரி, நாயக்கர் போனார், போர்த்துகீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர் போனார்கள், இங்கிலீஷ்காரரும் போனார்கள். இரும்பாலையும் போயிற்று. அப்படியானால் ஊர் யாருடையது? இதுதான் நான் கேட்க வந்த கேள்வி.

மரக்காயர்கள் தங்கினார்கள். அச்சை, கெடா, மலாக்கா என்று கிழக்குக் கடலெங்கும் கப்பல் விட்ட குடும்பங்கள் அவர்கள். புருஷர்கள் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் கடலில் இருக்க, பெண்கள் வீட்டையும் வரவு செலவையும் கட்டி ஆண்டார்கள். அந்தக் காத்திருப்பின் அடையாளமாக ஊரில் ஒரு தர்கா இருக்கிறது. மாலுமியார் தர்கா என்று பெயர். மாலுமியார் ஒரே சமயத்தில் தம் பத்துப் பன்னிரண்டு கப்பல்களிலும் தோன்றிச் சுக்கான் பிடிப்பாராம். கடலில் போகிறவர் போகும்போதும், சுகமாகத் திரும்பி வந்தபோதும் அங்கே உண்டியலில் காசு போடுவது வழக்கம் என்று 1906-ல் வெளிவந்த தென்னாற்காடு ஜில்லா கெஜட்டியர் கூறுகிறது.

அதே நூல் சொல்லும் இன்னொரு தர்காவைக் கேட்டால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். அது ஒரு பெண்மணிக்கு உரியது. அரைக்காசு நாச்சியார் என்று பெயர். அந்த அம்மாளுக்குக் காணிக்கை மிகச் சிறு காசுக்கு மேல் போகக்கூடாது. கூடக் கொடுத்தால் பலன் இல்லை! அந்தக் காசுக்குச் சர்க்கரை கிடைக்காவிட்டால் சுண்ணாம்பு வாங்கிச் சமாதிக்கு வெள்ளையடிப்பார்களாம். அதனால் அங்கே வெள்ளை தடித்துக் கிடந்தது என்று எழுதியிருக்கிறார்கள். வராகன் வராகனாகப் புழங்கிய துறைமுகத்தில், ஏழையும் பணக்காரனும் ஒரே காசோடு நிற்க வேண்டும் என்று ஓர் அம்மாள் சட்டம் போட்டிருக்கிறாள் பாருங்கள்.

சிவன் கோயிலைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் தங்கினார்கள். பட்டணவர் என்ற மீனவ மக்கள் கரையோரக் குப்பங்களில் தங்கினார்கள். வேலியோரத்துத் தாழை மடலைச் சீவிப் பாய் முடையும் கைகள் தங்கின; தாழம்பாய்க்கு இந்த ஊர் பேர் போனதாக இருந்தது. பிச்சாவரத்துக் கழிகளில் தண்ணீரில் இறங்கி, வலையும் இல்லாமல் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் இனத்துப் பெண்கள் தங்கினார்கள்.

ஜனத்தொகைக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 1901-ல் ஊரில் பதின்மூவாயிரத்துச் சொச்சம் பேர். 2011-ல் சுமார் இருபத்தையாயிரம். அதே காலத்தில் இந்தியா ஐந்து மடங்கு பெருகியிருக்க, இந்த ஊர் இரண்டு மடங்கை ஒட்டித்தான் வளர்ந்திருக்கிறது. துறைமுகத்தின் மவுசு குறைந்தபின் பிழைப்பைத் தேடி மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும், பிற்காலத்தில் அரபு நாடுகளுக்கும் பிள்ளைகள் போய்விட்டார்கள். முன்பு கப்பலுக்காகக் காத்திருந்த வீடுகள் பிறகு கடிதத்துக்குக் காத்திருந்தன. இன்று டெலிபோன் மணிக்குக் காத்திருக்கின்றன.

தில்லை மரமும் அலையும்

இப்போது பிச்சாவரத்து விசேஷத்துக்கு வருகிறேன். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தில்லை மரத்தால் வந்தது. ஆனால் சிதம்பரம் ஊருக்குள் அந்த மரத்தைத் தேடினால் கிடைப்பது அரிது. தில்லைவனம் இன்று பிச்சாவரத்து உப்பங்கழியில்தான் மிஞ்சியிருக்கிறது. கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும் பால் கொண்ட மரம் அது. சுரபுன்னையும் கண்டலும் அதனோடு சேர்ந்து வேர் பின்னி நிற்கின்றன.

2004-ம் வருஷம் டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தபோது கடலூர் ஜில்லாவில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கடலுக்கும் கழிக்கும் நடுவே மணல் திட்டில் இருந்த குப்பங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. அன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் ஓடி வந்து மீனவ மக்களைத் தூக்கிச் சென்று, சோறு போட்டு, தங்க இடமும் கொடுத்தார்கள். நானூறு வருஷமாக ஒரே கரையில் தங்கியவர்களின் உறவு அது.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்த கதிரேசன், ராஜேந்திரன் என்ற இரு விஞ்ஞானிகள் இந்தக் கரையின் 18 குப்பங்களை ஆராய்ந்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். மரக்காடு அடர்ந்திருந்த இடத்திலும், கடலை விட்டுத் தள்ளி மேட்டில் இருந்த இடத்திலும் சாவும் சேதமும் குறைவு என்றார்கள். மறு வருஷமே வெளிநாட்டு விஞ்ஞானிகள் மூவர் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, காப்பாற்றியது பெரும்பாலும் தூரமும் மேடுமே, மரத்தின் பங்கு சொற்பம் என்று வாதித்தார்கள். மரத்தைப் பற்றி இப்படிப் பேச்சு இருக்கிறது. ஆனால் வீடு நின்ற இடம்தான் உயிருக்கு விலை நிர்ணயித்தது என்பதில் இரு தரப்புக்கும் பேதம் இல்லை.

அப்படியானால் எல்லோரும் உள்ளே தள்ளிப் போய்விட்டால் தீர்ந்ததா? 2005-ல் அரசாங்கம் கடல் விளிம்பிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் வர இசைந்த குடும்பங்களுக்குப் புது வீடு கட்டிக் கொடுக்க ஏற்பாடு செய்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு மீனவப் பெண்ணின் இடத்தில் நின்று யோசியுங்கள். விடியுமுன் படகு கரைக்கு வரும். மீன் ஏலம் போகும் நேரத்தில் அவள் அங்கே நிற்க வேண்டும். கூடையைத் தூக்கிக்கொண்டு வெயிலேறுமுன் ஊருக்குள் விற்றாக வேண்டும். வலையும் எஞ்சினும் கரையில் கிடக்க, வீடு தூரத்தில் இருந்தால் காவல் யார்? கடல் பக்கத்தில் இருந்தால் உயிருக்குப் பயம். தள்ளிப் போனால் பிழைப்புக்குப் பயம். நாயக்கரும் கும்பினியாரும் துறைமுகத்துக்கு இடம் தேடியபோது இந்தக் கேள்வி அவர்களுக்கு எழவில்லை. லாபம் போனதும் கப்பலேறிவிடலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். தங்குகிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி. ஆகவே வீடு எங்கே என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் கூடை சுமக்கும் அந்தப் பெண்களையும் அழைத்து உட்கார வைத்துக் கேட்பதுதான் நியாயம்.

அடுத்த ஆனித் திருமஞ்சனத்துக்கோ ஆருத்ரா தரிசனத்துக்கோ சிதம்பரம் போகும்போது அரை நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பரங்கிப்பேட்டைக் கரையில் வெள்ளாறு கடலில் கலப்பதைப் பாருங்கள். பெரிய கோட்டையோ மாளிகையோ கண்ணில் படாது. படகிலிருந்து மீன் இறங்கும், கூடைகள் நிரம்பும், பெண்கள் விலை பேசும் குரல் கேட்கும். பேரம் பேசாமல் ஒரு கூறு மீன் வாங்குங்கள். மீன் சாப்பிடாதவர்கள் அந்த அம்மாளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். இந்த ஊரின் சரித்திரத்தை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் அங்கே யாரும் இல்லை.